கண்ணைப் பார்த்துக் குடி

குரோஷியாவில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த சமையல் வேலை, அடிப்பது. வெட்டுவது, வதக்குவது எல்லாம் பிறகுதான். கடலோரத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. புருஷனும் பெண்சாதியுமாக நடத்தினார்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் முதலாளியம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், வாளியிலிருந்து ஒரு பேய்க்கணவாயை எடுத்து என் கையில் கொடுத்தார். எட்டுக் காலும் வழுவழுவென்று தொங்கின. அதைக் கருங்கல்லில் ஓங்கி அடிக்க வேண்டுமாம். அடித்தால்தான் சதை இளகும், இல்லாவிட்டால் செருப்பைக் கடிப்பதுபோல இருக்கும் என்று கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் விளங்க வைத்தார்.

நான் இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு உள்ளே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கடலையே கொழும்புக்குப் போனபோதுதான் பார்த்தேன். கை கூசியது. குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி நாலு தட்டுத் தட்டினேன். முதலாளியம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் பண்ணினான். தங்கச்சியை அவள் புருஷன் விறகுக் கட்டையால் அடித்து வலது மணிக்கட்டை உடைத்துவிட்டானாம். முகம் கழுவ வைத்த சுடுதண்ணீர் ஆறிப்போயிருந்ததாம். அதற்குத்தானாம்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு கணவாயை எடுத்தேன். அதற்குப் பிறகு எப்படி அடித்தேன் என்று எனக்கே தெரியாது. சத்தம் கேட்டு முதலாளியம்மா ஓடிவந்து என் இரண்டு கையையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். கல்லின்மேல் கூழ்தான் கிடந்தது. பூனைகளுக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கடையில் அடிக்கிற வேலை எதுவானாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அடிக்கிற வேலைக்கு அங்கே பஞ்சமில்லை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, முதல் நாள் அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். பலகை மாதிரி விறைத்துக் காய்ந்த ஒரு பெரிய கருவாடு இருக்கிறது, பக்காலார் என்பார்கள். மரச் சுத்தியலால் அடி அடியென்று அடித்து நாரை உடைத்து, நாட்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு உருளைக்கிழங்கும் பூண்டும் ஒலிவ எண்ணெயும் சேர்த்துச் சட்டியைக் குலுக்கிக் குலுக்கி வேகவைக்க வேண்டும். கரண்டி போடக் கூடாது. மிளகாய் கிடையாது, புளி கிடையாது. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, ருசி நாக்கிலேயே நிற்கும். கணவாய் மையை ஊற்றிக் கரிபோலச் சோறு ஆக்குவார்கள். அதைத் தின்றுவிட்டுக் கறுத்த பல்லைக் காட்டி ஒரு படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். பேய் மாதிரி இருக்கிறேன் என்று பதில் அனுப்பினாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருப்பாள்.

குடிக்கிற பழக்கத்தையும் அங்கேதான் பார்த்தேன். நம் பக்கத்தில் குடி என்றால் கள்ளத்தனமாகக் காய்ச்சுகிற கசிப்பு, அதற்கு அடுத்தது அடிதடி. அங்கே முதலாளி காலையில் கடை திறக்குமுன் விரல் உயரக் கிளாசில் ரக்கியா ஊற்றுவார். திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம். போத்தலுக்குள்ளே பெருஞ்சீரகக் கொப்பும் ரோஸ்மேரிக் கொப்பும் மிதக்கும். தொட்டுக்கொள்ள ஒரு காய்ந்த அத்திப்பழம். ஒரு வாய், அவ்வளவுதான், வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கும் நீட்டினார். நான் பொம்பிளை என்பது அவருக்கு ஒரு விசயமாகவே படவில்லை. ஆனால் கிளாசை அவர் கிளாசோடு முட்டிவிட்டு நான் தலையைக் குனிந்து குடித்ததும் மனுசனுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. நம் ஊரில் பெரியவர்கள் முன்னால் குடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் மரியாதை. அங்கே கண்ணைப் பார்த்துத்தான் முட்ட வேண்டும். பார்க்காதவன் மனசில் கள்ளம் இருக்கிறதாம், அவனுக்குக் கெட்ட காலமும் வருமாம். முட்டும்போது ஷிவியெலி என்று சொல்ல வேண்டும். உயிரோடு இருப்போம் என்கிற மாதிரி அர்த்தம்.

லீவில் வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு போத்தல் ரக்கியாவும் ஒரு பை அத்திப்பழமும் கொண்டுவந்தேன். தங்கச்சி அம்மாவின் ஒற்றை அறை லயத்துக் காம்பராவில்தான் இருந்தாள். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. வலது கையால் கொழுந்து ஆய முடியாது, ஒரு கோப்பைத் தண்ணீரைக்கூடத் தூக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையாலேயே தலை சீவினாள்.

நான் வந்த வாரமே அவள் புருஷன் தோட்டத்துத் தலைவரிடம் வந்து பேசியிருந்தான். பெண்சாதியைக் கூட்டிப்போக வேண்டுமாம், இனிமேல் கை வைக்கமாட்டானாம். தலைவர் நல்ல மனுசர்தான், ஆனால் எந்தச் சண்டையையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டியது, பிறகு எங்கள் வீட்டில் விருந்து, விருந்து முடிந்ததும் தங்கச்சி அவனோடு ஆட்டோவில் ஏறிவிட வேண்டியது என்று தீர்த்துவிட்டார். அம்மாவும் சரி என்றாள். பிள்ளை வாழாவெட்டியாக வீட்டில் கிடந்தால் லயம் முழுக்கப் பேசும் என்பதுதான் அம்மாவின் பயம்.

நான் விடவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். கல்யாணமே பண்ணாத உனக்கு என்ன தெரியும் என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். தம்பி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அதை அம்மா பிடுங்கி அரிசிப் பெட்டிக்குள் ஒளித்தாள். இத்தனை பேரும் கத்துகிறோம், தங்கச்சி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பீலியில் கொட்டுகிற தண்ணீரில் துணி அலசும்போது என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"இந்தத் தடவ கையோட விடமாட்டாருக்கா."

அதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு, தங்கச்சியின் பையில் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையை அப்படியே தூக்கி அடுப்பில் போட்டிருப்பேன்.

விருந்துக்கு வெளிநாட்டுச் சாப்பாடு என்று அம்மா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையும் வெளிநாட்டுப் போத்தல் இருக்கிறதாமே என்று கேட்டு அனுப்பியிருந்தான். அடப்பாவி, என் தங்கச்சியின் கையை உடைத்தவனுக்கு நான் பொங்கிப் போட வேண்டும். சமைக்கமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு, நான் இல்லாவிட்டாலும் விருந்து நடக்கத்தான் போகிறது, அவளோடு கடைசிப் பகல் முழுக்கப் பக்கத்திலாவது இருப்போம் என்று சரி சொன்னேன்.

பெக்கா பண்ணினேன். பெக்கா என்பது மணி மாதிரிக் குவிந்த ஒரு இரும்பு மூடியின் பெயர், அதற்குள்ளே வேகிற சாப்பாட்டுக்கும் அதுதான் பெயர். தட்டில் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பரப்பி, மூடியால் கவிழ்த்து, மேலேயும் சுற்றியும் தணலைக் கொட்டிவிட வேண்டும். நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட மட்டும் திறக்கலாம். மற்றபடி கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மூடிக்கு எங்கே போவது? கோயில் சமையலுக்கு வைத்திருக்கிற பெரிய இரும்புச் சட்டியை, தாச்சியை, வாங்கி வந்து கவிழ்த்தேன். கிழங்குக்கு நம் ஊரில் குறைவில்லை. ரோஸ்மேரி, துரை பங்களாத் தோட்டத்தில் வேலியாகவே நிற்கிறது, தோட்டக்காரரிடம் கேட்டு ஒடித்துவந்தேன். தணலுக்குப் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டை. அது எரிந்தால் தணல் பொழுது சாயும்வரை நிற்கும். ஆட்டுத் தொடையை அம்மிக் கல்லில் வைத்துக் குழவியால் நானே அடித்தேன். ஆட்டிறைச்சியை அப்படி அடிக்கத் தேவையில்லை. எனக்குத் தேவையாக இருந்தது.

வாசல் பக்கத்தில்தான் நெருப்பு மூட்டியிருந்தேன், பனி இறங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி என் பக்கத்தில் குந்தி இடது கையால் தணலைத் தள்ளிவிட்டாள். அங்கேயும் ஆம்பிளைகள் அடிப்பார்களா என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. மீன் கொண்டுவருகிறவனின் பெண்சாதி வெயில் இல்லாத நாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள் என்று சொன்னேன். அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. பேச்சை மாற்ற ரக்கியா குடிக்கிற முறையைச் சொன்னேன். கண்ணைப் பார்க்க வேண்டும் என்றதும் சிரித்துவிட்டாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு அவரு கண்ணு எப்படியிருக்கும்னே தெரியாதுக்கா. நிமிந்து பாத்ததே இல்ல."

அவளுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருசமாகிவிட்டது. நான் கம்பியால் தணலைக் குத்திக்கொண்டிருந்தேன்.

கோயிலிலிருந்து அவர்கள் வந்தபோது தாச்சி ஓரத்தில் ஆவி கிளம்பி வாசம் லயம் முழுக்க ஏறியிருந்தது. தலைவர் முன்னால் வந்தார். அவர் பின்னால் மாப்பிள்ளை, அவனுடைய அம்மா. ஆட்டோக்காரர் ரோட்டிலேயே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துத்தான் சத்தியம் பண்ணியிருந்தான். சூடத்துக் கரி கையில் அப்படியே இருந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் கழுவாமல் வந்தான் போல, நெற்றியில் திருநீற்றைவிட அந்தக் கையைத்தான் முன்னுக்கு வைத்துக்கொண்டு நடந்தான். அம்மா வாங்க மாப்பிள்ளை, வாங்க சம்பந்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில், பாயை விரித்தாள். தங்கச்சியின் பை வாசல்படியில் தயாராக இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால்தான் ரக்கியா. நான் தட்டில் அத்திப்பழத்தை வைத்துச் சின்னக் கிளாசுகளில் ஊற்றினேன். கண்ணைப் பார்த்து முட்டுகிற முறையையும் சொன்னேன். தலைவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மச்சானும் மச்சானும் முதலில் குடிக்க வேண்டும், பகை போக வேண்டும் என்றார். தம்பி கிளாசை எடுத்தான். கண்ணை இமைக்காமல் மாப்பிள்ளையைப் பார்த்தான்.

"என்னா மச்சான் மொறைக்கிற?"

"பாக்கச் சொல்லிருக்கு. பாக்குறேன்."

நம் பக்கத்தில் பாதி வெட்டுக்குத்து இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். தலைவர் ஹோவென்று சிரித்துத் தம்பியின் முதுகில் தட்டினார். மாப்பிள்ளையும் பல்லைக் காட்டினான், ஒரே மடக்கில் குடித்தான், நெஞ்சு எரிந்து கண்ணீர் வந்தது. இன்னொன்று கேட்டான், ஊற்றினேன். தலைவரும் ஒன்று போட்டார், போட்டதும் அவருக்கு மனசு இன்னும் விரிந்துவிட்டது. புருஷன் பொண்டாட்டியும் இப்படித்தான் குடிப்பார்களா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மைதானே. அப்படியானால் தங்கச்சியையும் கூப்பிடுங்கள், ஒற்றுமையாகக் குடித்துவிட்டுக் கிளம்பட்டும் என்றார். மாப்பிள்ளையின் அம்மா, பொம்பிளைப் பிள்ளை குடிக்கிறதா என்று முனகினாள். மாப்பிள்ளைக்கு மூன்றாவது உள்ளே போயிருந்தது, அவன் பெரிய மனசோடு சரி என்றான்.

நான் எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்தேன் என்று இன்றைக்கும் மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் சொல்லித் திரிகிறார்கள். எனக்கு அவ்வளவு மூளை இல்லை. இருந்திருந்தால் முன்னமேயே செய்திருப்பேன்.

தங்கச்சி வந்தாள். கிளாசை இடது கையால் எடுத்தாள். எடது கையா என்று மாமியார்க்காரி கேட்டாள். வலது கை தூக்காது என்று தங்கச்சி சொன்னாள், யார் மேலும் பழி போடுகிற மாதிரி இல்லாமல், சும்மா சொன்னாள். அது மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது, முகத்தில் தெரிந்தது. கிளாசை நீட்டினான். அவளும் நீட்டி முட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

என் தங்கச்சி முறைக்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன், எந்தக் கோயிலிலும் சொல்வேன். கடையில் ஒரு சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல அவன் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கீழ பாருடி," என்றான் அவன், மெதுவாக.

"பாக்கணுமாம். அக்கா சொன்னாங்க."

அறைந்த சத்தம் அடுத்த காம்பராவுக்குக் கேட்டிருக்கும். அவள் தலை நிலைக்கதவில் போய் மோதியது. உதடு கிழிந்தது. கிளாசை மட்டும் விடவில்லை, பாதி சிந்தினாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் உட்பட யாரும் அந்தக் கணத்தில் அசையவில்லை. அவன் திரும்பவும் கையை ஓங்கினான்.

தம்பி தட்டுகளைத் தாண்டிப் பாய்ந்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு இஸ்தோப்பிலிருந்து சாக்கடைக் கானுக்குள் விழுந்தார்கள். தம்பி அவன் தலைமுடியைப் பிடித்துக் கான் சுவரில் முட்டினான். அவன் தம்பியின் தோளைக் கடித்துச் சதையைப் பிய்த்தான், அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. விலக்கப்போன தலைவருக்கு வாயிலேயே ஒரு இடி விழுந்து பல் ஆடியது. மாமியார்க்காரி ஐயோ கொல்லுறானே என்று மார்பில் அடித்துக்கொண்டு அம்மாவின் கொண்டையைப் பிடித்தாள். லயத்து ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அவன் எப்படியோ தம்பியை உதறிவிட்டுக் கானிலிருந்து ஏறினான். என் நெருப்புப் பக்கம் வந்தான். பாதி எரிந்த ஒரு விறகுக் கட்டையை உருவி எடுத்தான்.

திரும்பவும் விறகுக் கட்டை. தங்கச்சியை நோக்கித்தான் திரும்பினான், தம்பியை நோக்கி அல்ல. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தாச்சியைத் தூக்குகிற இரும்புக் கம்பியை நெருப்போரத்திலிருந்து எடுத்தேன். அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். கருங்கல்லில் அடித்த அதே அடி, கையை எங்கேயும் அடக்கவில்லை. விறகு கீழே விழுந்தது, அவனும் கையைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எலும்பு உடைந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கினேன், தலைவர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மாமியார்க்காரி அப்போதும் அடங்கவில்லை. அவ எதுக்கு ஆம்பிளைய நிமிந்து பாத்தா, பாத்ததாலதான அடிச்சான் என்று எல்லாரிடமும் நியாயம் கேட்டாள். அம்மா கலைந்த கொண்டையோடு தங்கச்சியிடம் போய், முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்த முந்தானையைப் பார்த்தாள். ரத்தத்தோடு கரியும் ஒட்டியிருந்தது, கோயிலில் அடித்த சூடத்தின் கரி. பிறகு வாசல்படியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தலைவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு ரோட்டில் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"தம்பி, ஆட்டோவுல ரெண்டு பேருதான். புள்ள வரல."

அவர்கள் போன பிறகு பெக்காவைத் திறந்தேன். நடுவில் திருப்பிப்போட மறந்துவிட்டதால் அடிக் கிழங்கெல்லாம் கருகியிருந்தது. மேல்பக்கத்து இறைச்சி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. தலைவர் ஆடுகிற பல்லோடு கிழங்கை மட்டும் பிசைந்து தின்றார், தம்பி தோளில் துணியைக் கட்டிக்கொண்டு மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டான். அம்மா உள்ளே பையிலிருந்த துணிகளைக் கொடியில் திரும்பவும் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி நெருப்பின் பக்கத்தில் குந்தியிருந்தாள். கிளாசு இன்னும் கையில்தான் இருந்தது. சிந்தியதுபோக ஒரு வாய் மிச்சம். நான் எனக்கும் ஒரு கிளாசு ஊற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கிளாசில் முட்டினாள். அந்த வார்த்தை என்ன என்று கேட்டாள், சொன்னேன். ஷிவியெலி. அவளுக்கு வாயில் நுழையவில்லை. என் கண்ணைப் பார்த்துக் குடித்தாள். கிழிந்த உதட்டில் சாராயம் பட்டு முகம் சுருங்கியது, ஆனாலும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் கிளாசைக் கீழே வைத்தாள்.

"அவருக்குப் பூனக் கண்ணுக்கா," என்றாள். "இத்தன வருசமாத் தெரியல."